ராகு காலத்துக்கு முன் ஒரு சாண்

மதுரையில் எனக்குக் கோபம் வரவழைக்க யாரும் ரொம்பச் சிரமப்பட வேண்டியதில்லை. "ஓ, காத்தாடி பிளேனா?" என்று கேட்டால் போதும். எழுபதுகளின் பிற்பகுதியில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் ஊரில் குறைவு. பால்காரர் கேட்டார், வங்கிக் குமாஸ்தா கேட்டார், கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்டார். விமானி என்று சொன்னதும் கண் விரியும். "ஜெட்டா?" என்பார்கள். "இல்லை, டர்போபிராப்" என்பேன். அப்படியென்றால் என்ன என்று விளக்க நான் கையைச் சுழற்றிக் காட்டியதுமே, விரிந்த கண் பழைய அளவுக்கு வந்துவிடும். பிறகு சாம்பார் வாளி எந்த வரிசையில் வருகிறது என்று பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

நான் லேசில் விடமாட்டேன். உள்ளே இருப்பதும் ஜெட் எஞ்சின்தான் என்று ஆரம்பிப்பேன். ஜெட் விமானத்தில் சூடான காற்று சும்மா பின்னால் சீறிக்கொண்டு போகிறது. எங்கள் விமானத்தில் அதைப் பிடித்து வேலை வாங்கி, புரொப்பெல்லரைச் சுழற்ற வைக்கிறோம். ஒரு எஞ்சினில் இரண்டாயிரம் குதிரை பலம் இருக்கிறது என்றெல்லாம் மூச்சுவிடாமல் சொல்வேன். "அம்புட்டுக் குதிரையும் சேந்து ஒரு காத்தாடியையா சுத்துது?" என்று ஒரு பந்தியில் பெரியவர் ஒருவர் அப்பாவியாகக் கேட்டார். அன்று பாயசம் வருவதற்கு முன்பே எழுந்துவிட்டேன்.

என் கோபத்துக்குக் காரணம், அந்த விமானத்தின் மேல் எனக்கிருந்த ஆசை. வேறு வார்த்தை போட்டு மழுப்ப விரும்பவில்லை, ஆசைதான். எஞ்சினை முடுக்கும்போது முதலில் மெலிதாக ஒரு சீழ்க்கை கேட்கும். அது ஏறிக்கொண்டே போய்க் காதைக் கூச வைக்கும். தனித்தனியாகத் தெரிந்த புரொப்பெல்லர் இலைகள் ஒரே வட்டமாகி மறைந்துபோகும். அதற்கப்புறம் கைப்பிடியை முன்னால் தள்ளினால் முதுகு நாற்காலியோடு ஒட்டிக்கொள்ளும். சித்திரை மாதத்து மத்தியானத்தில் காற்று சூட்டில் மெலிந்துபோய் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். அந்த மாதிரி நாட்களில் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த கலவையை உள்ளே பீய்ச்சுவோம், குறைந்த பலம் திரும்பி வந்துவிடும். இதையும் பெருமையாக நண்பன் ஒருவனிடம் சொன்னேன். "அப்ப ஒன் பிளேன் தண்ணி போட்டாத்தான் கெளம்பும்னு சொல்லு மாப்ள" என்று டீக்கடையில் நாலு பேர் முன்னால் என் மானத்தை வாங்கினான்.

மதுரைக்கு அதைவிடப் பொருத்தமான விமானம் கிடையாது என்று இன்றைக்கும் சொல்வேன். அப்போதிருந்த ஓடுதளத்தின் நீளத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போலிருக்கும். இறங்க வரும்போது ஓடுதளத்தில் ஆடு நிற்கும். பதறாமல் தாழப் பறந்து, அந்தச் சத்தத்திலேயே ஆடுகளை அங்கிட்டு விரட்டிவிட்டு, ஒரு சுற்றுச் சுற்றி வந்து இறங்குவோம். ஏறும்போது இடப்பக்கம் திரும்பினால் யானைமலை படுத்திருக்கும். அதற்கப்பால் கொட்டாம்பட்டி வரைக்கும் ஒரே கண்மாய்கள்தான். வெயில் காலத்தில் அவை காய்ந்து வெடித்துக் கிடக்கும், தரையின் சூடு விமானத்தைத் தூக்கித் தூக்கிப் போடும். பயணிகளில் பாதிப் பேர் அந்த இடத்தில்தான் குலதெய்வத்தை நினைப்பார்கள்.

குலதெய்வத்தைவிட எங்களுக்குத் தொந்தரவு கொடுத்தது ராகு காலம். காலையில் மெட்ராஸிலிருந்து புறப்பட்டு, மதுரை வழியாகத் திருவனந்தபுரம் போய், மறுபடியும் மதுரை வந்து மெட்ராஸ் திரும்புவது என் வழக்கமான தடம். திரும்பும்போது மதுரையில் புறப்பாடு இரண்டரை மணி. செவ்வாய்க்கிழமை ராகு காலம் மூன்றுக்கு ஆரம்பிக்கும். கொஞ்சம் தாமதமானால் தீர்ந்தது கதை. ஒரு தடவை ஒரு குடும்பமே நாலரை மணி ஆனால்தான் ஏறுவோம் என்று விமானத்தின் படியடியில் உட்கார்ந்துவிட்டது. வழியனுப்ப வந்தவர்கள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து "ஏறாதீக, ஏறாதீக" என்று உற்சாகமூட்டினார்கள்.

இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தவர் விமான நிலையத்தின் தரைப் பொறுப்பாளர், பேரையூர்ப் பக்கத்துக்காரர். "கேப்டன் சார், சக்கரம் நகந்துருச்சுன்னா பயணம் ஆரம்பிச்சுருச்சுன்னுதான அர்த்தம்? மூணு மணிக்கு முன்னாடி ஒரு சாண் நகட்டிக் குடுத்துருங்க. சனம் அடங்கிரும்" என்றார். அன்றிலிருந்து அது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. நேரம் நெருங்கினால் பயணிகளை ஏற்றிக் கதவைச் சாத்துவோம், சக்கரக் கட்டையை எடுக்கச் சொல்லி விமானத்தை ஒரு சாண் உருட்டி நிறுத்துவோம். உள்ளே பெருமூச்சு கேட்கும். பெட்டிகள் அதற்குள் ஏறியிருக்கும். எப்போதும் கடைசி நிமிடத்தில் வரும் மல்லிகைப்பூக் கூடைகளை அதன் பிறகு நிதானமாக ஏற்றிக்கொள்வோம்.

என் துணை விமானி பஞ்சாப்காரர். செவ்வாய்க்கிழமை மட்டும் எதற்காக விமானம் ஒரு சாண் போய் நிற்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. பிரேக் சோதனை என்றேன். மற்ற நாட்களில் சோதனை வேண்டாமா என்று கேட்டார். மதுரை மண்ணுக்குச் செவ்வாய்க்கிழமைதான் பிரேக் பிடிக்காது என்றேன். அந்த நல்ல மனிதர் அதை நம்பிக் கொஞ்ச நாள் கவலையோடு இருந்தார்.

இந்தச் சமயத்தில்தான் மதுரை வீட்டில் இருந்த அம்மா எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தாள். காத்தாடி விவகாரம் அதுவரைக்கும் மானப் பிரச்சினையாக இருந்தது, இப்போது வாழ்க்கைப் பிரச்சினையாகிவிட்டது. இரண்டு இடங்களில் "ஜெட்டு ஓட்ட ஆரம்பிக்கட்டும், அப்புறம் பேசுவோம்" என்று நாசூக்காகக் கையை விரித்துவிட்டார்கள். "ஏண்டா, ஜெட்டுன்னே சொல்லிருவோமா? யாரு ஏறிப் பாக்கப் போறா?" என்றாள் அம்மா. நான் முறைத்த முறைப்பில் அந்த யோசனையைக் கைவிட்டாள்.

மூன்றாவது இடம் அரசரடிப் பக்கம். பெண்ணின் அப்பா கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர், மனைவியை இழந்தவர். ஒரே மகள், பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். நாங்கள் போய் உட்கார்ந்து பூந்தி வாயில் கரைவதற்குள் பேராசிரியர் ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி ஜெட்டு ஓட்டுறீங்களா?"

"இல்லை சார், டர்போபிராப்."

"புரொப்பெல்லர் வச்சது." அவர் முகத்தில் ஒரு மாணவனின் விடைத்தாளைப் பார்க்கும் பாவனை வந்தது. வினை, எதிர்வினை, தீபாவளி ராக்கெட் என்று ஜெட்டின் பெருமையை விளக்கினார். பிறகு தலைக்கு மேலே கிறீச்சிட்டுக்கொண்டிருந்த மின்விசிறியைக் கையால் காட்டினார். "புரொப்பெல்லர்ங்கிறது இதுதான் தம்பி. தொங்க விடாம நிமித்தி வச்சுருக்காங்க, அம்புட்டுத்தான்."

அந்த நேரம் பார்த்து அவள் காபித் தட்டோடு வந்தாள். விசிறியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். என் முகத்தில் இரண்டாயிரம் குதிரையும் கனைத்துக்கொண்டு நின்றிருக்க வேண்டும். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அடக்கிய சிரிப்பு கைக்கு இறங்கி, தட்டில் இருந்த டம்ளர்கள் நடுங்கிக் கிணுகிணுத்தன. எனக்கு அவளைப் பிடித்துப்போனது அந்த நொடியில்தான். ரொம்பவே பிடித்துவிட்டது. அவளுக்கு என்னைப் பிடித்ததா என்று கண்டுபிடிக்கத்தான் வழியில்லை. தட்டை வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விட்டாள். அவள் சிரித்தது என்னைப் பார்த்தா, விசிறியைப் பார்த்தா என்பதுகூடத் தெரியாமல் வீடு திரும்பினேன்.

பேராசிரியர் முடியாது என்று சொல்லவில்லை. "வார செவ்வாக்கிழமை மெட்ராஸ் போகணும். மறுநா பேப்பர் திருத்துற வேலை இருக்கு. எப்பவும் ரயிலுதான். இந்தத் தரம் உங்க பிளேன்ல வாரேன். வந்து பாத்துட்டுச் சொல்லுறேன்" என்றார். சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துவிட்டு, "ரெண்டரைக்குக் கெளம்புனா ராகு காலத்துக்கு முன்னாடியே போயிரலாம்" என்று சேர்த்துக்கொண்டார். அம்மா ஆச்சரியப்பட்டதைப் பார்த்து, "நம்பிக்கையெல்லாம் இல்லம்மா. எதுக்கு வம்பு?" என்றார்.

அந்த ஒரு வாரம் நான் எப்படித் தூங்கினேன் என்று கேட்காதீர்கள். அவளை விட்டுவிடக் கூடாது, அதற்கு இந்தச் செவ்வாய்க்கிழமை ஒழுங்காகப் பறக்க வேண்டும். மண்டையில் வேறு எதுவும் ஓடவில்லை.

செவ்வாய்க்கிழமையும் வந்தது. திருவனந்தபுரத்தில் மழை கொட்டியது. என்ன கெஞ்சியும் மழை நிற்கவில்லை. ஒருவழியாகக் கிளம்பி, மலையைத் தாண்டி, பேரையூர்க் கரிசல் காட்டின் மேலே இறங்க ஆரம்பித்தபோது என் ஒரு கண் கைக்கடிகாரத்திலேயே இருந்தது. மதுரையில் சக்கரம் தரையைத் தொட்டபோது மூன்று மணிக்குக் கொஞ்ச நேரமே மீதமிருந்தது.

எங்கள் விமானத்தின் வாசல் இடப்பக்கம். அதனால் இடப்பக்க எஞ்சினை மட்டும் நிறுத்திவிட்டு, வலப்பக்கத்தை ஓடவிட்டபடியே ஆட்களை ஏற்றி இறக்குவோம். மதுரையில் எஞ்சினைத் தூண்டிவிடும் பேட்டரி வண்டிக்கு வெயிலில் அடிக்கடி மயக்கம் வரும். ஒரு எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் மற்றதை அதை வைத்தே எழுப்பிக்கொள்ளலாம். அன்றும் அப்படித்தான் நிறுத்தினேன். தரைப் பொறுப்பாளர் ஓடி வந்து, "இன்னைக்குப் பூராம் நேரம் பாக்குற கூட்டம் சார். நகட்டிக் குடுத்துருங்க" என்று கீழிருந்து கத்தினார். படியில் ஆட்கள் தபதபவென்று ஏறும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்தினார்கள். எல்லோரும் ஏறியாயிற்று என்று அவர் கட்டைவிரலை உயர்த்தினார்.

மாமனாராகப் போகிறவர் உள்ளே உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பே எனக்குத் தலைக்கேறியிருந்தது. மற்றவர்களுக்கு ஒரு சாண் போதும், இவருக்குத் தாராளமாகக் கொடுப்போம் என்று ஒரு முழம் நகர்த்தினேன். ஒற்றை எஞ்சினில் நகர்த்தும்போது மூக்கு இடப்பக்கம் ஓடப் பார்க்கும். அதையும் பிடித்து நேராக்கி, பால் குடத்தைத் தரையில் வைப்பது போல நிறுத்தினேன். உள்ளே யாரோ கை தட்டினார்கள். துணை விமானி, "பிரேக் நன்றாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் நிம்மதியாகச் சொன்னார்.

பணிப்பெண் எட்டிப் பார்த்தாள். "சார், ஒரு தலை குறையுது."

இடப்பக்கக் கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தேன். கையில் ஒரு துணிப்பையோடு பேராசிரியர் நின்றுகொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். எல்லோரும் ஏறட்டும் என்று விலகி நின்றவர், இடப்பக்கப் புரொப்பெல்லர் சுற்றாமல் நிற்பதைப் பார்த்திருக்கிறார். பழுதா என்று ஆராய்வதற்குக் கிட்டப் போயிருக்கிறார். மெக்கானிக் ஒருவர் பதறி அவர் கையைப் பிடித்து இழுத்துப்போய்ப் பாதுகாப்புக் கோட்டுக்கு அப்பால் நிறுத்தி, நாலு வார்த்தை திட்டியும் இருக்கிறார். அந்த நேரத்தில் கதவு சாத்தப்பட்டது. அவர் கண்ணெதிரே, அவரை மட்டும் விட்டுவிட்டு, விமானம் ஒரு முழம் பயணம் போய்விட்டது.

துணை விமானியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இறங்கி ஓடினேன். மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

"சார், வாங்க சார். உங்களுக்காகத்தான் நிக்கிறோம்."

"இருக்கட்டும் தம்பி. அவுங்களுக்கெல்லாம் பயணம் ஆரம்பிச்சுருச்சு. எனக்கு ஆரம்பிக்கல. ராகு காலத்துல ஏறிக்கிட்டு எதுக்கு? நான் ராத்திரி ரயிலுக்குப் போயிக்கிறேன்."

"சார், தெரியாம நடந்துபோச்சு."

"நீங்க போயிட்டு வாங்க தம்பி." குரலில் கோபமே இல்லை. "ஒரு முழம் போறதுக்குள்ளயே எங்களை விட்டுட்டுப் போயிட்டீங்க. இன்னும் எம்புட்டோ தூரம் இருக்கு."

அவர் மெட்ராஸைச் சொல்லவில்லை என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது. வலப்பக்க எஞ்சின் ஊளையிட்டுக்கொண்டிருந்தது, ஜன்னல்களில் வரிசையாக முகங்கள் தெரிந்தன. பக்கத்தில் தள்ளுவண்டி நிறையப் பூக்கூடைகளோடு ஆட்கள் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் கல்யாணம் அந்தத் தாரில் உருகிக்கொண்டிருந்தது.

"அப்பா!"

வேலிப் பக்கமிருந்து வந்தது அந்தக் குரல். அப்பாவை வழியனுப்ப வந்தவள், இடுப்பளவு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எட்டாம் வகுப்பை அடக்கிப் பழகிய தொண்டை. எஞ்சின் சத்தத்துக்கு மேலே தெளிவாகக் கேட்டது.

"அப்பா! உங்க பெட்டி மூணு மணிக்கு முன்னாடியே ஏறியாச்சு! நான் பாத்தேன்! பெட்டி போயிருச்சுன்னா பரஸ்தானம் ஆயிருச்சுல்ல? ஏறுங்கப்பா!"

நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர்கள், தங்கள் பெட்டியை மட்டும் அந்த நேரத்தில் வெளியே அனுப்பிப் பக்கத்து வீட்டில் வைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அதற்குப் பெயர்தான் பரஸ்தானம். பெட்டி கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பியது போல. அப்புறம் எந்த நேரத்தில் போனாலும் தோஷமில்லை. திறந்திருந்த வாசலில் எட்டிப் பார்த்தவர்கள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். "பொண்ணு சொல்றது சரிதான் சார், பெட்டி போனா ஆளு போன மாதிரித்தான்" என்று தரைப் பொறுப்பாளர் வேறு சாட்சி சொன்னார்.

பேராசிரியர் மகளைப் பார்த்தார். பூக்கூடை வண்டியைப் பார்த்தார். மறுபடி மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அப்படின்னா சரி" என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

நான் வேலிப் பக்கம் திரும்பினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்பா ரயிலில் போவது சிரமமென்று கவலையா, வேறு எதுவுமா என்று யோசித்துக்கொண்டே நாற்காலியில் வந்து விழுந்தேன்.

அன்றைக்கு நான் பறந்த மாதிரி என்றைக்கும் பறந்ததில்லை. கலவையைப் பீய்ச்சி, இரண்டு எஞ்சினும் முழுப் பலத்தில் பிளிற, ஓடுதளத்தின் முனை வருவதற்கு வெகு முன்பே தரையை விட்டோம். யானைமலையைத் தாண்டியதும் பணிப்பெண்ணை உளவுக்கு அனுப்பினேன். "அந்தத் துணிப்பை சார் என்ன செய்றார்?"

"காத்தாடியையே பாத்துக்கிட்டு இருக்கார் சார்."

கொட்டாம்பட்டிக்கு மேலே வழக்கமான குலுக்கல். எனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் காட்டியும் இரண்டு தடவை தூக்கிப் போட்டது. மறுபடி அனுப்பினேன். "கண்ணை மூடிக்கிட்டு இருக்கார் சார்." எனக்கு வியர்த்துவிட்டது. காவிரியைக் கடந்த பிறகு அவளாகவே வந்து சொன்னாள்: "காபி வாங்கிக் குடிச்சார். இப்ப பக்கத்து சீட்டுக்காரருக்குப் பாடம் நடத்துறார். உள்ள இருக்குறது ஜெட்டுதானாம், வெளிய தெரியுறத வச்சு எதையும் முடிவு பண்ணக் கூடாதாம்."

மெட்ராஸில் எல்லோரும் இறங்கிய பிறகு கடைசியாக அவர் இறங்கினார். நான் படியடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பூக்கூடைகளின் ஈரம் சொட்டி நனைந்திருந்த ஒரு பழுப்புத் தோல்பெட்டியைச் சுட்டிக்காட்டி, "அதுதான் என் பெட்டி" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அது மூணு மணிக்கு முன்னாடி ஏறல தம்பி. அவசரத்துல விட்டுட்டாங்க. பூக்கூடைக்கு அடியில, தள்ளுவண்டியிலதான் கெடந்துச்சு. நான் பக்கத்துலதான நின்னேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்ப ஏன் சார் ஏறினீங்க?"

"எம்பொண்ணு பொய் சொல்லி நான் இதுவரைக்கும் கேட்டதில்ல. கணக்கு டீச்சர் வேற. அம்புட்டுப் பேரு பாக்க, வேலியப் பிடிச்சுக்கிட்டு, தொண்ட கிழியப் பொய் சொல்லுறா." அவருக்குக் கண் கலங்கியிருந்தது, முகம் சிரித்துக்கொண்டிருந்தது. "அதுக்கு அப்புறமும் நான் ராகு காலமா பாத்துக்கிட்டு நிக்கிறது?"

அவர் ஈரப் பெட்டியை ஒரு கையிலும் துணிப்பையை மறு கையிலும் எடுத்துக்கொண்டு நடந்தார். நாலு எட்டு வைத்ததும் நின்று திரும்பினார்.

"வாரேன், மாப்ள."